அண்ணன் பூஜ்யம், தம்பி எட்டு

கனோரா, சாஸ்கட்சுவான்
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்புள்ள டேனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் நலம் என்று நீ அனுப்பும் ஒருவரிச் செய்திகள் சொல்கின்றன, ஆனால் போனை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

அறுவடை முடிந்தது, கடைசி வயலில் மழை பிடித்துக்கொண்டாலும் பெரிய சேதமில்லை. அப்பாவின் முழங்கால் குளிர் வருவதற்கு முன்பே முரண்டு பிடிக்கிறது. ஊரில் ஐஸ் ஹாக்கி என்றாலே உங்கள் இருவரைப் பற்றித்தான் பேச்சு. போன வருடம் நாற்பத்தொரு கோல் போட்ட நீ, ஒன்பது ஆட்டம் ஆகியும் இந்த சீசனில் ஒன்றுகூடப் போடவில்லை. தடுப்பாட்டக்காரனான உன் தம்பி கீகன், நாலு வருடத்தில் மொத்தமே பதினோரு கோல் போட்டவன், அதற்குள் எட்டு போட்டுவிட்டான். டிவியில் தினமும் உங்கள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே பூஜ்யம், எட்டு என்று போட்டுக் காட்டுகிறார்கள். காப்பிக் கடையில் வெர்ன் என்னைப் பார்த்ததும், "என்ன ராக்சேன், பிள்ளைங்க சட்டைய மாத்திப் போட்டுட்டாங்களா?" என்று கத்தினார், எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும், "உன் டிராக்டர் நாலு வருஷமா கொட்டகையிலயே கிடக்கு வெர்ன், அதப் பத்தி நாங்க பேசுறோமா?" என்று கேட்டுவிட்டு, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

கீகனுக்கும் சந்தோஷமில்லை. "கோல் போட்டா கையத் தூக்கவே கூச்சமா இருக்கும்மா. ஆகஸ்ட் பூரா அண்ணன்தான் நம்ம கொட்டகைல நின்னு, இப்ப நான் கோல் போடுற அந்த அடியச் சொல்லிக் குடுத்தான். டிவிக்காரங்ககிட்ட சொன்னேன், வெட்டிட்டாங்க" என்று போனில் புலம்பினான்.

அதனால்தான் நேற்று நீங்கள் இருவரும் எதிரெதிராக ஆடியதைப் பார்க்க அத்தனை தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு கீகன் ஆடும் ஊருக்குப் போனோம். இரண்டாம் பகுதியில் உன் எதிரே வலை காலியாகக் கிடந்தது. நீ அடிக்கவில்லை, வட்டைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டாய். அந்த இடத்திலிருந்து நீ யாருக்கும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை. "பயந்துட்டான்" என்று பின்வரிசையில் ஒருத்தன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வட்டைத் துரத்திக்கொண்டு நீ சுவரோரம் போனாய், உன் பின்னால் கீகன் முழு வேகத்தில் வந்தான். வருகிறவனைச் சுவரோடு சேர்த்து இடிப்பதுதானே அவன் வேலை, நான் கண்ணை மூடிக்கொண்டேன். இடிச் சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தால் பனி தெறிக்க ஸ்கேட்டைத் திருப்பி அவன் அப்படியே நிற்கிறான், நீ வட்டோடு போய்விட்டாய், அதில்தான் உங்கள் ஆள் வெற்றி கோலைப் போட்டான். அதற்குப் பிறகு கீகனின் பயிற்சியாளர் அவனைக் களத்தில் இறக்கவே இல்லை. எட்டு கோல் போட்டவன் ஆட்டம் முடிகிறவரை பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

நீ உன் அணியோடு உடனே கிளம்பிவிட்டாய். நாங்கள் அவனோடு சாப்பிடப் போனோம். அவன் தட்டைத் தொடவில்லை. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, "அண்ணன்னு பாவம் பாத்தியாடா? அவனுக்கு அது எவ்வளவு அவமானம் தெரியுமா?" என்று கேட்டார். கீகன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அவனோட வலது தோள் போச்சுப்பா. சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே, பயிற்சி ஆட்டத்துல. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். அந்தத் தோள்தான் சுவர்ப் பக்கம் இருந்துச்சு. நான் எப்படிப்பா இடிப்பேன்?" என்று சொல்லி அழுதுவிட்டான். அப்பா எழுந்து அந்தப் பக்கம் போய் அவனோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

அவன்மேல் கோபப்படாதே. பயிற்சியாளர் கேட்டபோதுகூட, "வழுக்கிடுச்சு" என்று மட்டும்தான் சொன்னானாம். இனி அவனையும் டிவியில் கிழிப்பார்கள். கேப்டனான நீ படுத்துவிட்டால் அணி என்னாகும், திரும்பி வரும்போது நம் இடம் இருக்குமா என்றெல்லாம் உனக்கு ஓடும், அதை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் கோல் போடத் துப்பில்லாதவன் என்று நாடே பேசுவதைத் தாங்கிக்கொள்கிறாய், வலிக்கிறது என்று ஒரு டாக்டரிடம் சொல்ல மட்டும் உனக்கு வாய் வரவில்லையா? வியாழக்கிழமை மறுபடி ஆட்டம் இருக்கிறது. அன்றைக்குச் சுவரோரம் உன்னை மடக்க வருகிறவன் உன் தம்பியாக இருக்க மாட்டான், டேன்.

இதைத் தபாலில் போடவில்லை, அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். விமானம் என்றாலே முகம் சுளிக்கிற மனிதர், நான் கேட்காமலே டிக்கெட் எடுத்துவிட்டார். உன்னைத் திட்ட வரவில்லை, டாக்டர் உன்னைப் பார்க்கும்போது வெளியே உட்கார்ந்திருக்க வருகிறார். அவர் பையில் முட்டைக்கோஸ் உருண்டைகள் இருக்கின்றன, மறக்காமல் ஃப்ரீசரில் வை. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், இன்றிரவு வலியில்லாமல் தூங்கு. கீகனுக்கு ஒரு போன் போடு, அவன் காத்திருக்கிறான்.

இதை நீ படித்து முடிக்கும்வரை அப்பா வாசலிலேயே நிற்பார், கோட்டைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார். உள்ளே கூப்பிட வேண்டாம். நீ சாவியை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பு.

உன் அன்புள்ள
அம்மா