மதர்போர்டுக்கு வச்ச பொட்டு

நீயே சொல்லு அனு கண்ணு, குங்குமம் பட்டு ஒரு மிசினு கெட்டுப்போகுமா? உங்கப்பா, எங்கண்ணனுக்கு மூட்டுவலி தேவலையான்னு கேக்கோணும்னுதான் உக்காந்தேன், பயத்துல இதுதான் முன்னாடி வருது.

ஆயுதபூசையன்னிக்கு மணிவண்ணன் வாத்தியார் நம்ம ஆஸ்டல் கம்ப்யூட்டரத் தொறந்து தூசி தட்டினாரு. அவரு அந்தப் பக்கம் போனப்ப, உள்ள பச்சையா இருந்த மதர்போர்டு மூலையில ஒரு பொட்டு வச்சுட்டேன். அறப்பளீஸ்வரர் சத்தியமா ஒண்ணே ஒண்ணுதான். நேத்து அவரு அதுல லினக்ஸுன்னு என்னமோ புதுசா ஏத்துனாரு, இப்பச் சத்தமே வரலை.

"சவுண்டு டிரைவர் சேரலையோ, போர்டே போச்சோ தெரியலீங்க பாப்பாயக்கா. ஞாயித்துக்கெழமை தொறந்து பாத்தர்லாம்"ங்கறாரு.

பொட்டப் பாத்தா என்னைச் சமையலுக்கு வச்சுக்குவாங்களா? காத்தால ரசத்துக்கு ரெண்டுவாட்டி உப்புப் போட்டுட்டேன். நீ கம்ப்யூட்டர் படிக்கற புள்ள, சனிக்கெழம ஒரு எட்டு கொல்லிமலைக்கு வந்துட்டுப் போ சாமி. வாரப்ப தைலம் எடுத்துட்டு வா, குளுரு தாங்கலை, பேசறதுக்கும் ஆளில்லை.

கண்டக்டரு கடுதாசிய வாங்கக் கைய நீட்டிட்டு நிக்கறாரு, முடிச்சுக்கறேன்.

அட, இப்பத்தான் ஞாபகம் வருது கண்ணு. பொட்டு வச்சு மூடுனதுக்கப்புறம் அதே கம்ப்யூட்டருலதான் வாத்தியாரு முருகன் பாட்டுப் போட்டாரு, சுண்டல் தின்னுக்கிட்டே எல்லாரும் கேட்டோம்.