எட்டு ஸ்க்ரூ போட்ட பின்பலகை

இதனால் ஸ்ரீரங்கம், திருச்சி மற்றும் காவிரியின் இரு கரைகளிலும் வாழும் பெருமக்கள் அனைவருக்கும் அறிவித்துக்கொள்வது யாதெனில்: நேற்று மாலை ஐந்தேகால் மணியளவில், எங்கள் மைக் செட் கடையின் பின்கட்டில், உன்னுடைய ஸ்பீக்கர் பெட்டிக்குள், ஒரு சுண்டெலிக்குச் சுகப்பிரசவம் ஆனது. குஞ்சுகள் ஐந்து. தாய் நலம். தகப்பன் தலைமறைவு.

இந்த மாதிரி அறிவிப்பு நான் சொன்னால் முதலில் சிரிக்கிறவன் நீ. இரண்டாவது நான். மூன்றாவதாக எங்கப்பா வருவார், சிரிக்க மாட்டார், காதைப் பிடித்துத் திருகுவார். இப்போது நீ இல்லாததால் வரிசையில் நான் முதலிடத்துக்கு வந்திருக்கிறேன். படிப்பில் வராத முதலிடம்.

பெட்டிக்குள் கரகரவென்று சத்தம் கேட்டுத்தான் பின்பலகையைக் கழற்றினேன். எட்டு ஸ்க்ரூ. எட்டாவது வெளியே வந்ததும் உள்ளேயிருந்து வாசனை அடித்தது பார், வச்சிரப் பசையும் மரத்தூளும். நீ போய் ஒரு வருஷமாகியும் அந்த வாசனை போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எலி என்னைப் பார்த்தது. நான் எலியைப் பார்க்கவில்லை. உள்ளே போகிற சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, இந்தப் பெட்டிக்கு முன்னால் நம்மிடம் என்ன இருந்தது? எங்கள் கடையின் குழாய் ஸ்பீக்கர். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மரத்தில் கட்டுகிற தகரக் குழாய். மெல்லிசைக் குழுவில் உன்னைச் சேர்த்துக்கொண்ட புதிதில் பேஸ் கிடாரை அதில்தான் சொருகினோம். நாலு கம்பியையும் தட்டிப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: “பால் கேனுக்குள்ள தவளை மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குடா.”

“பேஸுன்னு பேரு வச்சுக்கிட்டு பேசவே மாட்டேங்குதே மாப்ள.”

“பேசக் கூடாதுடா. காதுல கேக்கவே கூடாது, தொப்புள்ள கேக்கணும். பேஸ் வாசிக்கிறவன் இருக்கிறது யாருக்கும் தெரியக் கூடாது. அவன் இல்லாட்டிதான் தெரியணும்.”

அன்றைக்கு அதைப் பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டு நான் உன் தொப்புளில் மைக்கை வைத்து ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்றேன்.

அப்புறம் ஆம்ப்ளிஃபயர். கடையில் சும்மா கிடந்தது இரண்டு. ஒன்று புது டிரான்சிஸ்டர் செட், பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி. இன்னொன்று பழைய டியூப் செட், தூக்கினால் முதுகு போகும். நான் புதுசைத்தான் சிபாரிசு செய்தேன்.

“சுவிட்சைப் போட்டா அடுத்த செகண்டே பேசும்டா.”

“அடுத்த செகண்டே பேசுறவன் உன்னை மாதிரிதான் பேசுவான். பழசு சூடாகட்டும். இருப்போம்.”

இருந்தோம். டியூப்கள் மெல்ல ஆரஞ்சு நிறமாயின. நீ தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டாய். மேஜை மேலிருந்த ஸ்க்ரூ டப்பா தானாக நகர்ந்தது. அதே கம்பியை அதே வேகத்தில் புதுசில் இழுத்தபோது சத்தம் காகிதம் மாதிரி கிழிந்தது. பழசில் எவ்வளவு அழுத்தினாலும் கிழியவில்லை, வெல்லப்பாகு மாதிரி இறுகிக்கொண்டே போனது. பழசே போதும் என்று நீ முடிவு செய்தாய். மறுநாள் குழுவில் எல்லோரிடமும், நான்தான் காதாலேயே கண்டுபிடித்தேன் என்று சொல்லிவிட்டேன். நீ மறுக்கவில்லை.

ஸ்பீக்கரில்தான் நமக்குச் சண்டை. பெரிய கடைவீதிக் கடையில் நீ பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாய். நான் பன்னிரண்டு இஞ்ச் இரண்டு வாங்கச் சொன்னேன்.

“ஒண்ணு போதும்டா. ஒண்ணுன்னா சண்டை கிடையாது.”

“பதினஞ்சு இஞ்ச் பெரிய மனுசன் மாப்ள. ஒவ்வொரு தட்டுக்கும் எந்திரிச்சு வர்றதுக்குள்ள பாட்டு அடுத்த சரணத்துக்குப் போயிடும். பன்னெண்டு ரெண்டு போடு, விறுவிறுன்னு வரும். என் காதை நம்பு.”

நம்பினாய். அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம்.

பெட்டி செய்ய நாம் போன இடம் பாலக்கரையில், உங்கள் தெருமுனையில் சவப்பெட்டி செய்கிற ஆசாரி. பெட்டிக்கடை என்று எழுதினால் யாராவது பீடி கேட்டு வந்துவிடுவார்கள், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். மற்ற இடங்களில் அடித்துத் தந்த பெட்டியெல்லாம் பலகை லொடலொடத்தது. நன்றாகக் காய்ந்த கனமான பலகை, இடுக்கில்லாத மூட்டு, இரண்டும் அவரிடம் இருந்தன. சுவரில் சாத்தி வைத்திருந்த பலகைகளை நீ ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிக் கேட்டுக்கொண்டே போனாய். நான், செய்து முடித்து வைத்திருந்த ஒரு சவப்பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டு, “அளவு சரியா இருக்குங்க, கொஞ்சம் காத்து மட்டும் வரலை” என்றேன்.

“எந்திரிங்க தம்பி. அதுல விளையாடக் கூடாது” என்றார் ஆசாரி.

“சத்தம் லீக் ஆகாம இருக்குமாங்க பெரியவரே?” என்று நீ கேட்டாய்.

“நம்ம பெட்டியில சத்தம் வருதுன்னு இதுவரைக்கும் யாரும் வந்து கம்ப்ளெய்ண்ட் பண்ணதில்லை தம்பி.”

நீ சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாய். என்னைவிட நன்றாக ஜோக்கடித்த ஒரே ஆள் என்று அவர் மேல் எனக்குப் பொறாமைகூட வந்தது. இரண்டு ஸ்பீக்கரையும் பொருத்தி, வயரையும் அவரே இணைத்துக் கொடுத்தார். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.

முதல் நாள் பயிற்சியில் குழுவின் லீடர் அண்ணன் அக்கார்டியனை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “எவன்டா அது, தரைக்கு அடியில இருந்து வாசிக்கிறது?” என்றார். உன் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

காரணம் எனக்குத் தெரியும். உங்கப்பா. ரயில்வேயில் ராப்பகலாக இரும்போடு மல்லுக்கட்டுகிற மனுஷருக்குக் கிடார் என்றாலே எரிச்சல். அவர் உன்னிடம் சொல்லியிருந்தார்: “கிறிஸ்துமஸ் அன்னைக்கு மாதா கோயில் மைதானத்துல வாசிக்கிறியாமே. வரேன். ஒரு தடவை கேக்குறேன். கேட்டுட்டுச் சொல்றேன், ஐடிஐயா கிடாரான்னு.”

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பேஸ் காணாமல் போனது.

கம்பி அதிர்ந்தது. ஆம்ப்ளிஃபயரில் டியூப்கள் ஒளிர்ந்தன. விரல் கம்பியில் உரசும் சத்தம் வந்தது. கனம் மட்டும் இல்லை. சாம்பாரில் பருப்பு இல்லாத மாதிரி. நீ வால்யூமைக் கூட்டினாய், இன்னும் மோசமானது. லீடர் அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “விரல்ல சத்து இல்லையாடா? மொதல்ல இருந்துச்சுல்ல? சாப்பிடுறியா இல்லையா?”

பெட்டியைச் சந்தேகப்பட உனக்குத் தோன்றவில்லை. விரலைச் சந்தேகப்பட்டாய். பள்ளிக்கூடம் விட்டதும் பயிற்சிக் கூடத்துக்கு ஓடி, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அசையாமல் அழுத்தினாய். ஆள்காட்டி விரல் கொப்புளித்து உடைந்தது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு நடுவிரலில் வாசித்தாய். ஒருநாள் கையை விரித்து என்னிடம் காட்டினாய்.

“உனக்குத்தான்டா காது இருக்கு. உண்மையச் சொல்லு. என் விரல்தானே?”

“இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாரேன்” என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் லீடர் அண்ணன் பேஸ் வாசிக்கத் தஞ்சாவூரிலிருந்து ஒருவரை வரவழைத்துவிட்டார். அவர் தன் பெட்டியோடு வந்தார். விழா மாலையில் நீ மேடைக்குப் பக்கவாட்டில் நின்று வயர் சுற்றிக்கொண்டிருந்தாய். உங்கப்பா வெள்ளைச் சட்டை போட்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பாட்டு தொடங்கும்போதும் மேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினார். நாலாவது பாட்டில் எழுந்து போய்விட்டார். நீ அதைப் பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன்.

“அப்பாவுக்குக் கால் வலி போல” என்றாய்.

புது வருஷம் பிறந்ததும் ஐடிஐ விண்ணப்பத்தை உன் மேஜையில் வைத்துவிட்டார். பேப்பர் பறக்காமல் இருக்க அதன் மேல் உன் கிடார் பட்டையை வைத்துவிட்டுப் போனாராம்.

இங்கேதான் நம்ம ஆள் மேடை ஏறுகிறார். அதாவது நான். அந்த வாரமே பயிற்சிக் கூடத்தில் எல்லோரையும் கூட்டி, பெட்டியில் காதை வைத்து, கண்ணை மூடி, டாக்டர் மாதிரி ‘ம்’ போட்டேன். “வியாதி விரல்ல இல்ல, வயித்துக்குள்ள இருக்கு” என்றேன். முன் வலையைக் கழற்றி, டார்ச் பேட்டரி ஒன்றை ஸ்பீக்கர் வயரில் தொட்டுக் காட்டினேன். ஒரு ஸ்பீக்கரின் காகிதம் முன்னால் குதித்தது. மற்றது பின்னால் போனது.

“பாத்தீங்களா? இவன் தள்ளுறப்ப அவன் இழுக்கிறான். ரெண்டு பேரும் காத்தைப் பங்கு போட்டுத் தின்னுட்டா பேஸ் எப்படிங்க வெளிய வரும்? ஒண்ணுல சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கு.”

எட்டு ஸ்க்ரூவைக் கழற்றி, வயரை மாற்றி, மூடினேன். நீ தடித்த கம்பியை இழுத்தாய். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லீடர் அண்ணன் என் காதைத் தொட்டுப் பார்த்து, “இது காது இல்லடா, ஸ்டெதஸ்கோப்பு” என்றார். கை தட்டினார்கள். நீ தட்டவில்லை, கொப்புளம் ஆறவில்லை. பின்பலகையைத் திரும்பக் கழற்றி, உள்பக்கம் பென்சிலால் எழுதினாய்: ‘இதற்கு உயிர் கொடுத்த காது ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது.’

வயரை யார் மாற்றி வைத்தது என்று பேச்சு வந்தபோது, ஆசாரிதான் அவசரத்தில் மாற்றி இணைத்திருப்பார் என்று சொன்னேன். முதல் நாள் நன்றாகக் கேட்டதை அந்தக் கைதட்டலில் எல்லோரும் மறந்துபோனார்கள். போகிற வழியில் நீ அவரிடம் மெதுவாகத்தான் சொன்னாய். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இருக்கும் தம்பி. வயசாயிடுச்சுல்ல. கலர் சரியாத் தெரியறதில்லை” என்றார்.

அதற்குப் பிறகு மூன்றே கச்சேரி. மூன்றும் வெளியூர். தொட்டியத்தில் வாழைத்தோப்பை ஒட்டிய பந்தலில் நீ வாசித்தபோது முன்வரிசைக் குழந்தை ஒன்று தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது. நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அடுத்த தடவை உங்கப்பாவைக் கூப்பிடலாம் என்றேன். “அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டுக்கலாம்டா. எங்க போகப்போறோம்?” என்றாய்.

பங்குனி வெயிலில் உனக்குக் கண் மஞ்சளானது. “மஞ்சள் பூசிக்கிட்டுக் கிளம்பிட்டியா, பொண்ணு யாருடா?” என்று கேட்டேன். சிரித்தாய். அதுதான் நான் உனக்குச் சொன்ன கடைசி ஜோக். இதைவிட நல்லதாக ஒன்று சொல்லியிருக்கலாம்.

உன்னை எடுத்த அன்றைக்கு, உங்கள் வீட்டு வாசலில் ஆசாரி என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, இந்தப் பெட்டியில ஒரு ஆணிகூட மாத்தி அடிக்கலை. ரெண்டு தடவை பாத்துட்டேன். நீங்களும் ஒரு தடவை பாத்துக்கங்க” என்றார். நான் பார்த்தேன். பார்க்கிற மாதிரி நின்றேன்.

ஸ்பீக்கர் பெட்டி எங்கள் கடைக்கு வந்தது. இதை என்னிடம்தான் கொடுக்க வேண்டும் என்று நீ சொன்னாயாம். போன ஞாயிற்றுக்கிழமை, உன் வருஷப் பூசை முடிந்து, உங்கப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: “அன்னைக்கு அவன் ஏன்ப்பா வாசிக்கலை? நான் கேக்கவே இல்லை அவன்கிட்ட.”

“பெட்டியில ஒரு கோளாறு அங்கிள். அப்புறம் நான்தான் கண்டுபிடிச்சேன்.”

“அப்ப அவன் விரல் நல்லாத்தான் இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சு அங்கிள்.”

அவர் என் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, “நல்லவேளை, நீ கண்டுபிடிச்சே” என்றார். ஒரு வாரமாக அந்தக் கையால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

இப்போது நான் எந்த ஊருக்கு மைக் செட் கட்டப் போனாலும் சட்டைப் பையில் ஒரு டார்ச் பேட்டரி இருக்கும். பெட்டி பெட்டியாகத் தொட்டுப் பார்க்கிறேன். எங்கப்பா, பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்கிறார். நீ பென்சிலால் எழுதியது அப்படியே இருக்கிறது. எலி வயரைக் கடித்திருந்தால் இந்த முறை அதன் மேல் பழியைப் போட்டிருப்பேன். கடிக்கவில்லை. பாவம், அதற்கு என்னைவிட நல்ல புத்தி. குஞ்சுகள் கண் திறக்கிறவரை பலகையை மூடக் கூடாது என்று திறந்தே வைத்து, அதன் எதிரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

டேய். அந்த வயரை மாற்றியது நான்தான். ஒரு சாயங்காலம் நீ டீ குடிக்கப் போனபோது, எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி. மறுநாளே சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான். லீடர் அண்ணன் உன்னைத் திட்டியதும் பயந்துவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. பயம் போன பிறகும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் எல்லோர் முன்னாலும் கண்டுபிடிக்கிற மாதிரி கண்டுபிடித்துக் கைதட்டு வாங்கலாம் என்று பேட்டரியைக்கூட வாங்கி வைத்திருந்தேன். தஞ்சாவூர்க்காரர் அதற்குள் வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியாது. நீ சொன்ன மாதிரி ஒற்றை ஸ்பீக்கர் வாங்கியிருந்தால் வயரை எப்படி மாற்றினாலும் ஒன்றும் ஆகியிருக்காது. என் காது எதையும் கண்டுபிடிக்கவில்லைடா. என் கை செய்ததை என் வாய் சொன்னது, அவ்வளவுதான்.