விட்டுப்போன வரி

மாசி, வியாழக்கிழமை. திருச்செங்கோடு.

மனைவியின் கருமாதி முடிந்து இன்றைக்குத்தான் பள்ளிக்கூடம் போனேன். தேர்டு பாரம் வகுப்பில் இங்கிலீஷ் இலக்கணம். வினைச்சொல்லையும் அதிலிருந்து பிறக்கும் பெயர்ச்சொல்லையும் பையன்கள் தினமும் ஒரே குரலில் ஒப்பிப்பது வழக்கம். இன்றும் ஒப்பித்தார்கள். ‘டிசைட், டிசிஷன்’ என்றார்கள். அடுத்து ‘டிவைட், டிவிஷன்’ என்று போய்விட்டார்கள். நடுவில் ‘டை, டெத்’ வர வேண்டும். அத்தனை பேரும் அதை விட்டார்கள். ஒருவன்கூடத் தடுமாறவில்லை. நான் வருமுன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

“ஒரு வரியை விட்டுட்டீங்களே” என்றேன்.

முன்பெஞ்சு முத்துசாமி எழுந்து, “அது வேண்டாமுங்க சார்” என்றான்.

அப்போதாவது எனக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. பரீட்சையில் கேட்பார்கள், சொல்லுங்கள் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு முனகினார்கள். சத்தம் போதாதென்று நானே உரக்கச் சொல்லிக்கொடுத்தேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

விளக்கு வைத்ததும் அக்கா சோறு போட்டாள். ரசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு எழுந்தேன். பிறகு அவள் உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ரசத்துல உப்பே போடுலியே சாமி. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

உப்பில்லாதது எனக்குத் தெரியவில்லை. பையன்கள் விட்ட வரி மட்டும் உடனே தெரிந்தது.