ஏரியைச் சுற்றி ஒவ்வொரு வாய்

செயின்ட் கிளவுட், புளோரிடா
அக்டோபர் 29

அன்பு மகள் மார்லாவுக்கு அப்பா எழுதுவது. அலாஸ்காவில் இந்நேரம் குளிர் பிடித்திருக்கும், நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். இந்த வரியை எட்டு மாதமாகப் பழக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன், இன்றைக்கு யோசித்துப் பார்த்து எழுதுகிறேன். போன வாரப் புயல் நம் பக்கம் அதிகம் ஒன்றும் செய்யவில்லை. பின்பக்கத்து வலைக்கதவைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு நீச்சல் குளத்தில் போட்டிருந்தது, அவ்வளவுதான். எடுத்து மாட்டிவிட்டேன், முன்னைவிட நன்றாகவே மூடுகிறது. நீ பனிக்கு ஏற்ற டயர் மாற்றிவிட்டாயா? முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் சொல்கிறேன், டயர் விஷயத்தில் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே.

போனில் சொல்லாமல் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்துவாள். அதோடு உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவின் தொண்டைக்குக் கொடுத்த கதிர் சிகிச்சை பிப்ரவரியில் முடிந்ததும் புற்று போய்விட்டது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். ருசி திரும்ப நாளாகும் என்று சொன்னதும் தெரியும். திரும்பவே இல்லை என்பதையும், உன் அம்மா எதையும் வாயில் வைக்க முடியாமல் நூற்று நாற்பது பவுண்டிலிருந்து தொண்ணூற்றாறுக்கு இறங்கிவிட்டாள் என்பதையும் நான் சொல்லவில்லை. செப்டம்பரில் டாக்டர் இன்னும் இரண்டு பவுண்டு குறைந்தால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிட வேண்டியதுதான் என்றார். உன் அம்மா அவர் முகத்தைப் பார்த்து, குழாய் வேண்டாம், அதுக்கு மேல என்னை விட்டுடுங்க என்று சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றிப் பேசவில்லை. உனக்கு எப்படி எழுதுவேன்?

இப்படி இருக்கும்போதுதான் உன் ஜூனி சித்தி வந்தாள். ஏரியைச் சுற்றி நாட்டுக்கொரு கூடம் கட்டி வைத்திருக்கும் அந்தப் பெரிய கேளிக்கைப் பூங்காவில், அவள் ஆட்டக்காரர்களுக்கு உடை தைக்கும் பகுதியில் இருப்பதால் கூட இரண்டு பேரை உள்ளே அழைத்துப்போகலாம். உலகச் சாப்பாட்டுத் திருவிழா நடக்குது, போன வருஷம் போகலை, இந்த வருஷம் போறோம் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ருசியே இல்லாதவளை முப்பது சாப்பாட்டுக் கடை நடுவே நடத்திக் கூட்டிப்போவாயா, உனக்கு அறிவு இருக்கா என்று கத்தினேன். உள்ளே படுத்திருந்த உன் அம்மா, டெல்மர், நான் வர்றேன்னு அவகிட்டச் சொல்லு என்றாள்.

உன் சித்தியைத் தெரியுமே, மூன்று பேருக்கும் ஒரே மாதிரி கத்தரிப்பூ நிறத்தில் பனியன் அடித்து எடுத்து வந்திருந்தாள், முதுகில் ஓப்பல் பட்டாளம் என்று உன் அம்மா பெயரைப் பெரிதாகப் போட்டு. இந்த வயதில் அதை மாட்டிக்கொண்டு போனேன். கனடா பக்கமிருந்து ஏரியைச் சுற்றத் தொடங்கினோம். உன் அம்மாவின் சட்டம், ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வாய், மீதி என் பொறுப்பு. கனடாவில் சீஸ் சூப்பை நாக்கில் வைத்துவிட்டு, போஸ்டர் ஒட்டற பசை என்றாள். பிரான்சில் நத்தை, அது ரப்பர். ஜப்பானில் சோற்று உருண்டை, அது நனைஞ்ச காகிதம். இத்தாலிக்காரன் கொடுத்த பாலாடைக்கட்டிக்கு, இதுக்கு ஒண்ணுமே சொல்லத் தோணலை என்றாள். நான் பிறந்ததிலிருந்து வறுத்த கோழியும் சோளமும் தாண்டாதவன், நத்தையை விழுங்கினேன் மார்லா. பரவாயில்லை, பூண்டும் வெண்ணெயும் போட்டால் எதுவும் இறங்கும். சித்தி நாட்டுக்கொரு கலப்பு மது என்று எனக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தாள், பிரான்சில் ஆரஞ்சுப் பனிக்கட்டி போட்டது, ஜப்பானில் ஊதா நிறத்தில் ஒன்று, இத்தாலியில் நுரை. வெயில் வேறு. என் தலை கொஞ்சம் கிறுகிறுத்துத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை.

ஜெர்மனிக் கடைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் ஒரு தப்பைச் செய்தேன். உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, மிருதுவாக இருந்தது, இது இறங்கிவிடும் என்று தோன்றியது. ஒரு வாய் முடிந்ததும் இன்னொரு கரண்டி எடுத்து, எனக்காக ஒண்ணே ஒண்ணு என்று அவள் வாய்க்கு நேரே நீட்டினேன். அவள் கையைத் தள்ளிவிட்டு, உனக்காக, மார்லாவுக்காக, டாக்டருக்காகன்னு எட்டு மாசம் முழுங்கியாச்சு, இன்னிக்கு ஒரு நாள் எனக்காகத் துப்பிக்கிறேன், நீ உன் தட்டைப் பாரு என்றாள். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. அப்ப எதுக்குக் கிளம்பி வந்தே, சாகறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுப் போகவா என்று கேட்டுவிட்டேன். சத்தமாகவே கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் அம்மா கோபப்படவில்லை. ஆமா டெல்மர், சாப்பாட்டுக்கிட்டச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன் என்றாள். ரொம்பச் சாதாரணமாக, கடைக்குப் போய்வருகிறேன் என்பது போலச் சொன்னாள். அவள் மனசில் அப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது, அவள் வாயிலிருந்து கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு சீனாவையும் நார்வேயையும் நிற்காமல் தாண்டினோம். கடைசியில் மெக்சிகோ வரும்போது மழை பிடித்துக்கொண்டது, ஓடிப்போய் ஒரு மதுக்கடைக் கூரைக்கு அடியில் ஒதுங்கினோம். அங்கே நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் நின்றார், நெஞ்சில் குத்திய அட்டையில் எலீசியோ, ஓஹாகா என்று பெயரும் ஊரும் இருந்தன. கூரைக்கு அடியில் சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால், எதையாவது கொடுங்க என்றேன். கோப்பை விளிம்பில் மிளகாய்த்தூளும் உப்பும் தடவி, பழுப்பாக ஒன்றைக் கலந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன், முகம் சுருங்கிக் கண் மூடிக்கொண்டது. அதைப் பார்த்து உன் அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே கோப்பையை என் கையிலிருந்து எடுத்தாள். மதுவைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அப்படி ஒரு வார்த்தை பேசிய வாயை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல? அவள் ஒரு மடக்குக் குடித்தாள், குடித்தவள் அசையவில்லை. புரை ஏறிவிட்டது என்று பயந்து முதுகில் கை வைத்தேன். கையை எடு, புளிக்குது என்றாள்.

சித்தி நம்பவில்லை, அது மிளகாயா இருக்கும்க்கா, எரியுதா புளிக்குதா, சரியாப் பாத்துச் சொல்லு என்றாள். எரிச்சல் எனக்குத் தெரியாதா ஜூனி, எட்டு மாசமா அதோடதானே குடும்பம் நடத்துறேன், இது புளிப்பு என்றாள் உன் அம்மா. விஷயத்தைச் சித்தி படபடவென்று சொன்னதும், அந்த எலீசியோ பின்னால் போய் ஓட்டோடு இருந்த ஒரு புளியம்பழத்தைக் கொண்டுவந்தார். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, இதை வாயில போட்டு ஒதுக்கிக்கோங்கம்மா, என் சம்சாரத்துக்கு மசக்கையில இது ஒண்ணுதான் உள்ள இறங்குச்சு என்று கொடுத்தார். உன் அம்மா கொட்டை வெளியே வரும் வரை சப்பினாள். பிறகு எனக்குக் கலந்து கொடுத்த அதே புளிச்சாற்றை மது சேர்க்காமல் ஐஸ் போட்டு ஒரு கோப்பை கொடுத்தார், முழுக்கக் குடித்தாள். இன்னொண்ணு கிடைக்குமா என்று அவளே கேட்டாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் வாயால் இன்னொன்று என்று கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மழைக்குள் போய் நின்றுகொண்டேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பும்போது காரில் ஏறியதும் அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். நீ கேட்டதும் நிஜம், நான் சொன்னதும் நிஜம், வண்டியை எடு என்றாள்.

நீ உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று குதிக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன், வந்தது புளிப்பு மட்டும்தான். இனிப்பு இன்னும் வரவில்லை, காபி இன்னும் சாம்பல்தான். நரம்பு இப்படித்தான் துண்டுதுண்டாக விழிக்கும், சில சமயம் நடுவில் நின்றும் போகும் என்று நர்ஸ் சொன்னார். மதுவைக் குடிக்க விட்டதற்கு அவரிடம் எனக்குச் செமத்தியாகத் திட்டு கிடைத்தது. ஆனால் வாயில் புண் இல்லை, புளிப்பு கொடுக்கலாம் என்றார். கிஸ்ஸிமியில் போர்ட்டோ ரிக்கோக்காரர் கடையில் புளி கிடைக்கிறது. புளித் தண்ணீர், எலுமிச்சை பிழிந்த மீன், ஊறுகாய் வெள்ளரி, இவற்றோடு சேர்த்துச் சோறும் முட்டையும் போகிறது. திங்கட்கிழமை எடை பார்த்தார்கள், தொண்ணூற்றெட்டரை. குழாய்ப் பேச்சைக் கிறிஸ்துமஸ் வரை ஒத்திவைக்கலாம் என்றார் டாக்டர். உன் அம்மா அவரிடம் நன்றி எல்லாம் சொல்லவில்லை, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

நீ அடுத்த முறை பேசும்போது அம்மா சாப்பிட்டாயா என்று கேட்காதே, அந்தக் கேள்வி அவளுக்கு அலுத்துவிட்டது. ஊர்க்கதை பேசு, உன் வகுப்புப் பிள்ளைகள் செய்யும் சேட்டையைச் சொல்லு. உன்னிடம் மறைத்ததற்கு என்னைத் திட்ட வேண்டும் என்றால் தனியாக எழுது, வாங்கிக்கொள்கிறேன். சாலையில் பனி இருந்தால் பள்ளிக்கு மெதுவாகப் போ, தாமதமானால் யாரும் அடிக்க மாட்டார்கள். கடவுள் உன்னை அந்தக் குளிரில் கதகதப்பாக வைத்திருக்கட்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

ஒன்று விட்டுப்போயிற்று. நேற்று மதியம் தக்காளி சூப் வைத்தேன். எட்டு மாதமாக நான் சமைத்ததை எல்லாம் ஒரு குறையும் சொல்லாமல் விழுங்கியவள், ஒரு கரண்டி வாயில் வைத்தாள், கிண்ணத்தைத் தள்ளினாள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இதில உப்பே இல்லையே டெல்மர், இத்தனை நாளும் இதையா எனக்குப் போட்டே என்று கேட்டாள். நானும் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன், உப்புப் போட மறந்துதான் போயிருந்தேன்.

இப்படிக்கு,
இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் உன் அப்பா,
டெல்மர்