மேலாளரின் மதியத் தூக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்த அவசர அழைப்புகள் ஒரு காலி அறையில் மணியடித்துக்கொண்டிருந்தன. மேலாளர் பழியை ஆபரேட்டர் அக்கா மேல் போட்டு, அவரை வேலையை விட்டுத் தூக்கப் பார்த்தார். இங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது நான்தானே, தொலைபேசி சர்வரின் பதிவுகளைத் தோண்டினேன். அழைப்புகளை அந்தக் காலி அறைக்கு மாற்றியது மேலாளர் மகானின் லாகின்தான். மதியத் தூக்கம் கெடுகிறதென்று தன் அழைப்புகளைத் திருப்பப்போய், ஆஸ்பத்திரியின் மொத்த அழைப்புகளையும் திருப்பிவிட்டிருக்கிறார்.

எல்லார் முன்னாலும் காட்டினேன்.

"என் பாஸ்வேர்டை யாரோ திருடிட்டாங்க" என்றார் மேலாளர்.

"உங்க கம்ப்யூட்டர்லயே உக்காந்து மாத்தியிருக்காங்க சார். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்காவின் வேலை தப்பியது. மேலாளர் அக்காவிடம் ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை. இந்த மூளைக்குத் தனி அறை வேறு.

ஞாயிறன்று பேசி முடித்ததும் போனை வைத்துவிடாதே. அடுப்படியிலேயே கிடக்கட்டும்; நீ பாத்திரம் உருட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பஸ் வந்துவிட்டது.

உன் மகள்