பாதி வயலில் நின்ற டிராக்டர்

புரட்டாசி 9, வியாழன்

நாட்டு மக்களுக்கு ஓர் அறிவிப்பு. செத்துப்போன ஒரு மினி டிராக்டருக்கு இன்று நான் உயிர் கொடுத்தேன்.

நேற்றுத்தான் அப்பா அதை மயிலாடுதுறை பாயிடம் பழசாக வாங்கினார். இன்று பாதி உழவில் சேற்றில் நின்றுவிட்டது. அப்பா போனில் கத்தினார். “ஓட்ட வண்டியத் தலையில கட்டிட்டீங்களே பாய்! வந்து எடுத்துட்டுப் போங்க!”

பாய் பதறி ஓடி வந்தார். “நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடுச்சு.” பாவம், முகமே செத்துவிட்டது. நான் குனிந்து, டேங்கிலிருந்து டீசல் வரும் குழாயின் மூடியிருந்த திருகைத் திறந்து, உள்ளே புகுந்த காற்றை எடுத்துவிட்டேன். வண்டி உறுமியது.

“மெக்கானிக்க வீட்டுலயே வச்சிருக்கீங்க!” என்றார் பாய். அப்பாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

கிளம்பும்போது பாய் என் காதில் சொன்னார். “அடுத்த தடவ எனக்கு போன் வர்றதுக்குள்ள திறந்துடுங்க தம்பி.”

அப்பா டீ குடிக்கப் போனபோது, சும்மா விளையாட்டுக்கு அந்தத் திருகை மூடியவனும் நான்தான். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.