இலைக் கறை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. தையல் பிரித்தாயிற்று. இடது காலில் இப்போது நான்கு விரல்கள். செருப்பு அளவு மட்டும் மாறவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எதிர்வீட்டு லாரிக்காரர் மறுபடி நம் வாசலை அடைத்து வண்டி நிறுத்தினார். போய் நின்றேன். காலைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார். விரல் போனதில் இப்படி ஒரு லாபம்.

உன் அம்மாதான் சரியாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. கொல்லையில் இருந்த குப்பைமேனியை ஒன்று விடாமல் பிடுங்கி எறிந்துவிட்டாள். என்னோடு பேசுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு நர்ஸைப் பெற்றுவிட்டு அப்பா காலுக்குக் களைச்செடியை அரைத்துப் பூசினாயா, விரலை எடுத்தது டாக்டர் இல்லை, நீதான் என்று போனில் சொன்னாயாம். அன்றிலிருந்து இப்படி.

நடந்ததைச் சொல்கிறேன். புது ஷூ கடித்துச் சுண்டுவிரல் புண்ணானது. அவள் குப்பைமேனி இலையோடு மஞ்சளும் உப்பும் வைத்து அரைத்துப் பூசினாள். ஐந்தாம் நாளே டாக்டரிடம் போகலாம் என்றாள். வலியே இல்லை, ஆறிவருகிறது என்று தடுத்தது நான். வலி இல்லாதது உண்மை. அந்தப் பாதத்தில் உணர்ச்சியே இல்லை என்பதை இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. முந்தின நாள் பூசிய பற்றைக் கழுவுவது என் பொறுப்பு. புண்ணின் ஓரத்தில் கறுப்பு ஏறியதை நான்தான் முதலில் பார்த்தேன். அவள் கேட்டபோது இலைக் கறை என்றேன். நம்பிவிட்டாள்.

ஏன் என்று கேட்பாய். தினமும் காலையில் அரைமணி நேரம் என் காலை மடியில் வைத்துக்கொண்டு ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். முப்பத்தெட்டு வருடத்தில் நாங்கள் அப்படி உட்கார்ந்ததில்லை. எனக்கு பஸ் டிப்போ, அவளுக்கு அடுக்களை. புண் ஆறினாலும் போச்சு, டாக்டரிடம் போனாலும் போச்சு என்றிருந்தது. இத்தனைக்கும் அவள் கை பட்டது எனக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அறுபத்தாறு வயதில் வந்த புத்தி இது.

அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. நேற்று இரண்டு முறை ஆரம்பித்து, குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசி முடித்தேன். அதனால் நீ அவளிடம் மன்னிப்புக் கேள். கேட்டுவிட்டு, இந்தக் கடிதத்தைப் போனில் முழுக்கப் படித்துக் காட்டு. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடு. நான் கொல்லையில் இருப்பேன். மழை பெய்ததில், துவைக்கும் கல்லோரம் குப்பைமேனி மறுபடி முளைத்திருக்கிறது. பிடுங்காமல் வைத்திருக்கிறேன்.

நாள் முழுக்க நிற்கிற வேலை உனக்கு, கால்களைப் பார்த்துக்கொள். நன்றாக இரு. அம்மா என்னைத் திட்டுவாள் என்று பயப்படாதே. திட்டுவதற்காவது பக்கத்தில் வந்து உட்காரட்டும்.

இப்படிக்கு,
அப்பா